மருதத்துக்கு நாலு வெரக்கடை

இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன், வளந்த மரம் சுருங்குமா? மனுசன் சுருங்குவான். எங்க வூட்டுக்காரரு வைரக்கண்ணு சுருங்கிட்டாரு. மக கல்யாணத்துக்குத் தச்ச சட்டைய இப்ப போட்டாருன்னா உள்ள இன்னொரு ஆளு ஒக்காரலாம். மரம் எப்புடிங்க சுருங்கும்? மொத தரம் அளந்தப்ப சுத்தளவு எழுவத்தொண்ணு சென்டிமீட்டரு இருந்துச்சாம், அஞ்சு வருசம் கழிச்சு, போன வருசம் அளந்தா அறுவத்தெட்டாம். காயிதத்துல அப்புடித்தான் இருக்கு. ஒண்ணு ரெண்டு மரமில்ல, பாதிக் காட்டுக்கு மேல எளச்சுப் போச்சாம், சக்கர வியாதி வந்த மாரி. இத யாரு நம்புவா? நீங்களும் நம்பல. அதான் மெட்ராஸ்ல ரயிலேறி மன்னார்குடியில எறங்கி, அங்கேருந்து பஸ்சு புடிச்சு, புது டேப்பும் கையுமா வந்து நிக்கிறீங்க. வாங்க. வந்தவங்கள வேணாம்னா சொல்ல முடியும்?

குனிஞ்சு வாங்க தம்பி, அந்தக் கொடியில முள்ளு இருக்கு. பேரு என்ன சொன்னீங்க, பகலவனா? நல்ல பேரு. நான் அம்சம். உங்க காயிதத்துல களப்பணியாளர்னு போட்டிருப்பாங்க, அது நாந்தான். டேப்பு புடிக்கிற பொம்பளைன்னு போட்டிருந்தா எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும். ரெண்டாயிரத்துப் பதினெட்டுல நடராசன் சாரு காலேஜிலேருந்து வந்து, இந்த ஆத்துப்படுகைக் காட்ட நூறு மீட்டருக்கு நூறு மீட்டரு சதுரமா கட்டி, நாலு மூலையிலயும் கல்லு நட்டாரு. அன்னிலேருந்து நான் இங்கதான். அதுக்கு முன்னாடி நடவுக்குப் போயிட்டிருந்தேன். நடவுல யாரும் நாத்த ஒண்ணு ஒண்ணா எண்ண மாட்டாங்க, முடி முடியா, கட்டாத்தான் கணக்கு. இங்க ஒத்த ஒத்த மரமா நின்னு, நம்பரு போட்ட தகடு அடிச்சு, நெஞ்சு உசரத்துல செவப்புக் கோடு போட்டு, அந்தக் கோட்டு மேல டேப்பச் சுத்தி அளவ எழுதணும். அஞ்சு வருசம் கழிச்சு அதே கோட்டு மேல மறுபடியும் சுத்தி எழுதணும். அவ்வளவுதான் வேல. ஆராய்ச்சிம்பாங்க. எங்க ஊரு டெய்லரு இத விட சுருக்கா அளப்பாரு, ஜாக்கெட்டும் தச்சுக் குடுத்துருவாரு.

இந்தா, இது ஒண்ணாம் நம்பரு. புங்கன். சுத்துங்க... செத்த இருங்க, பின்னாடி டேப்பு முறுக்கியிருக்கு. ஆங், இப்ப சரி. என்ன வருது? எழுவத்தஞ்சா? காயிதத்துல அறுவத்தெட்டு. ம். பாத்தீங்களா, ஒடம்பு தேறிடுச்சு. இந்த வருசம் நல்ல மழ.

என்ன சிரிக்கிறீங்க. ஒரே வருசத்துல ஏழு ஏறாதுங்கிறீங்களா. சரி, அப்ப டேப்பத்தான் சொல்லணும். எங்க டேப்பு துணி டேப்பு. வெயில்ல இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும். டேப்பு நீண்டுச்சுன்னா அளவு கொறச்சலாத்தானே காட்டும்? எட்டாங்கிளாஸோட நின்ன எனக்கே தெரியுது, பெரிய படிப்பு படிச்சவங்களுக்குத் தெரியாதா. பழைய டேப்பு எங்கயா? இந்தப் பையிலதான் இருக்கு. எதுக்கு? ...ஓ. ரெண்டையும் ஒட்டி வச்சுப் பாக்கப் போறீங்க. பாருங்க, பாருங்க. நல்லா இழுத்துப் புடிச்சே பாருங்க.

ஒரு நூலு கூட மாறலையா.

நல்ல டேப்பா வாங்கிக் குடுத்திருக்காரு நடராசன் சாரு.

அடுத்தது இங்குட்டு இல்ல, இந்தப் பக்கம். கால மெல்ல வைங்க, முசுறு எறும்பு இருக்கு. நாவல் மரம் பூரா முசுறுதான். ஷிஃபாவ ஒரு தரம் கழுத்துல புடிச்சிருச்சு. தாவணி... இல்ல, அது என்ன, தலையில சுத்துமே, அத அவுத்து ஒதறுறதுக்குள்ள அது போட்ட ஆட்டத்தப் பாக்கணுமே. நான் சிரிச்சிட்டேன். அதுக்குக் கோவம். "அக்கா, கடிக்குது, நீங்க சிரிக்கிறீங்க." முத்துப்பேட்டைப் பொண்ணு தம்பி. உங்க கையில இருக்குதே போன வருசத்துக் காயிதம், அது எழுதுனதுதான். அந்தக் கையெழுத்தப் பாருங்க, முத்து முத்தா. மூணு வருசமா பி.எச்.டி. படிக்குது. இந்தக் காடுதான் அதுக்குப் பாடம். மரம் அஞ்சு வருசத்துல எவ்வளவு பெருத்துச்சுன்னு கணக்குப் போட்டு எழுதணும். மரம் பெருக்கல, சிறுத்துடுச்சுன்னு கணக்கு வந்தா அந்தப் பொண்ணு என்னத்த எழுதும்?

நாவலு என்ன? தொண்ணூத்தி ரெண்டா. காயிதத்துல? எம்பத்தேழு. ம்.

வண்டலா இருக்கும் தம்பி. மேட்டூர்ல தெறந்து விட்ட வருசம் ஆத்துல ரெண்டு தரம் தண்ணி கரை பொரண்டு வந்துச்சு. போவும்போது ஒரு சாண் வண்டலப் போட்டுட்டுப் போச்சு. தரை ஏறிடுச்சில்ல. தரை ஏறுனா நெஞ்சு உசரமும் மேல ஏறும், மேல போவப் போவ மரம் ஒல்லியாத்தானே இருக்கும். இது ஞாயம்தானே? ...ஆமா. கோடு இருக்கு. கோட்டுல சுத்துனா தரை எங்க இருந்தா என்னங்கிறீங்க. ஆமா, கோடு இருக்குதான். நாந்தான் போட்டேன். பெயிண்ட்டு சட்டையில எல்லாம் ஊத்திக்கிட்டு.

பட்டை உரிஞ்சிருக்கலாம். மருதம் பட்டைய உரிச்சுப் போடும், பாத்திருப்பீங்க, அப்பளம் மாரி விழும். ...இது நாவல். தெரியுது. புங்கனும் உரியாது. அதுவும் தெரியுது. தம்பி, நீங்க பேசவே மாட்டேங்கிறீங்க, ஆனா கேள்வி மட்டும் நல்லாக் கேக்குறீங்க. புருவத்தத் தூக்குறீங்க பாருங்க, அது ஒண்ணு போதும், கோர்ட்டுல வக்கீலு நிக்கிற மாரி இருக்கு.

இந்த வேலியோரம் வேணாமே. சீமைக்கருவதான் நிக்குது, அத அளந்து என்ன ஆவப்போவுது. யாரும் வைக்காம தானா வந்து ஒக்காந்துக்கிட்டு, முள்ளக் காட்டிக்கிட்டு. வரிசையாத்தான் போவணுமா? சரி, அளங்க. முள்ளு குத்துனா என்னச் சொல்லாதீங்க.

...முப்பத்தி ஒண்ணு. காயிதத்துல முப்பது. அடுத்தது? நாப்பத்தி நாலு, நாப்பத்தி மூணு. அதுக்கு அடுத்தது... போதும் தம்பி. நாலு பாத்தாச்சு. எல்லாம் சரியாத்தான் இருக்கு.

என்னத்தப் பாக்குறீங்க என்ன?

அதே டேப்பு, அதே பொண்ணு, அதே நாளு. கருவ மட்டும் எப்புடிச் சரியா இருக்குன்னு கேக்குறீங்க. எனக்கு எப்புடித் தெரியும். கருவைக்குக் குசும்பு அதிகம். வேணும்னே சரியா நிக்கும்.

...தண்ணி குடிக்கிறீங்களா? பானைத் தண்ணி, காலையில கொண்டாந்தது. இந்த வேர்ல ஒக்காருங்க, ஒக்காந்து குடிங்க. நீங்க குடிக்கிற வரைக்கும் ஒண்ணு கேக்குறேன். வெள்ளிக்கெழமைக்குள்ள நீங்க அறிக்க குடுக்கணும்னு நடராசன் சாரு சொன்னாரு. மரமெல்லாம் நெசமாவே அந்த அளவுதான்னா பொண்ணு தப்பிச்சிது. அளவு பொய்யின்னா? மூணு வருசமும் போச்சா? ஆளையே அனுப்பிருவாங்களாமே. ஒக்காந்த எடத்துல மனசுக்குத் தோணுனத எழுதிட்டான்னு சொல்லி.

அப்புடித்தான் கேட்டிருக்காரு அதுகிட்ட. "மரத்தடியில ஒக்காந்து கத எழுதுனியாம்மா"ன்னு. நல்ல மனுசன்தான் நடராசன் சாரு, கோவம் வந்தா மட்டும் வாயில நிதானம் இருக்காது. அது, "எழுதுனது நாந்தான் சார், தப்பு இருந்தா என்னோடதுதான்"னு சொல்லிட்டு நின்னுச்சாம். என் பேர எடுக்கல பாருங்க. டேப்பப் படிச்சது அம்சக்கா, நான் எழுத மட்டும்தான் எழுதுனேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. வாயி இருக்குதே, முசுறு கடிச்சப்ப மட்டும் அவ்வளவு கத்துன வாயி.

எனக்கு போன் போட்டுச்சு, போன மாசம். "அக்கா, டேப்ப இறுக்கிப் புடிச்சீங்களா, தொய்வா விட்டுட்டீங்களா"ன்னு அது ஒண்ணுதான் கேட்டுச்சு. நான் என்ன சொன்னேன்? "ஏண்டி, ஆறு வருசமா டேப்பு புடிக்கிறவகிட்ட கேக்குற கேள்வியா இது"ன்னேன். "சாரிக்கா"ன்னு வச்சிருச்சு. அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல எனக்கு. வைரக்கண்ணு கேக்குறாரு, "என்னடி, ஏதாச்சும் வுழுந்து கெடக்கா மனசுல"ன்னு. அந்த மனுசனுக்கு எப்பவாச்சும்தான் கண்ணு தெரியும், அதுவும் தெரியக்கூடாத நேரம் பாத்து.

நீங்க குடிச்சிட்டு டம்ளரக் கவுத்து வைக்கிறீங்க. பேசுனாலும் பரவால்ல தம்பி, இது என்னமோ டாக்டரு ஸ்டெத்தாஸ்கோப்ப வச்சிக்கிட்டு ஒண்ணும் சொல்லாம இருக்க மாரி இருக்கு.

உங்களுக்குக் கொழந்தைங்க இருக்கா? ஒரு பொண்ணா. எத்தன வயசு? ஒண்ணரை. எடை எவ்வளவு இருக்கும்?

...பாத்தீங்களா. "ஏதோ இருக்கும்"கிறீங்க. ஆஸ்பத்திரி அட்டையில கிராம் கணக்கா எழுதியிருப்பாங்க, உங்களுக்குத் தெரியாதா என்ன. நீங்களே அம்பது காட்டோட அளவ விரல் நுனியில வச்சிருக்க ஆளு. ஆனா புள்ளையோட எடையச் சொல்ல வாயி வரல. தப்பில்ல தம்பி, யாருக்குமே வராது. எங்க தெருவுல புள்ள எத்தன இட்லி தின்னுச்சுன்னு கேட்டா, நாலு தின்னாக்கூட ரெண்டுன்னுதான் சொல்லுவோம். "சரியாவே சாப்புட மாட்டேங்குது"ன்னு ஒரு பெருமூச்சு வேற. அது பொய்யா? பொய்யில்ல. கண்ணு பட்டுரக்கூடாதுன்னு மேல போத்துற துணி.

சரி. கேளுங்க. சொல்லித் தொலைக்கிறேன்.

மொத மொத அளந்தது பதினெட்டு, ஆனி மாசம். நடராசன் சாரு காயிதத்தோட நின்னாரு, நான் டேப்பச் சுத்துனேன். சுத்திட்டு அளவச் சொல்லணும்ல, சொன்னேன். எப்புடிச் சொன்னேன்? ஆத்துக்கு அந்தாண்ட வயல்ல நிக்கிறவனுக்குக் கேக்குறாப்புல சொன்னேன். "நூத்தி எழுவது, இலுப்பை, இருநூத்தி முப்பத்தாறு." எனக்கு ஒரு பெருமைங்க. களையெடுத்துக்கிட்டு இருந்தவ கையில டேப்பக் குடுத்து, நான் சொல்ல ஒரு வாத்தியாரு எழுதுறாரு. பதினஞ்சு நாளு, அறுநூத்தி நாப்பது மரம், ஒண்ணு விடாம கூவுனேன். ஏலம் போடுற மாரி.

ஐப்பசி கடசியில கஜா வந்துச்சு.

உங்களுக்கு மெட்ராஸ்ல அது டிவியில வந்திருக்கும். நாங்க பள்ளிக்கூடத்துல படுத்திருந்தோம், மேல ஓடு ஒவ்வொண்ணாப் போவுது, சத்தம் மட்டும் கேக்குது. விடிஞ்சு மூணு நாளு கழிச்சுத்தான் இங்க வர வழி வெட்டுனாங்க. வந்து பாத்தா... நூத்தி எழுவது அந்த இலுப்பை, வேரோட. தகடு மட்டும் பளபளன்னு மேல பாத்துக்கிட்டு. பக்கத்துல நூத்தி எழுவத்தாறு. அந்தாண்ட ஒரு புன்னை. தொண்ணூத்தேழு மரம் தம்பி. நாந்தான் எண்ணி எழுதிக் குடுத்தேன், நடராசன் சாரு கேட்டாரு. எண்ணும்போது ஒவ்வொண்ணுக்கும் என் குரலே காதுல கேட்டுச்சு. இருநூத்தி முப்பத்தாறுன்னு.

தென்னைய யாரு அளந்தாங்கன்னு கேக்கப் போறீங்க. கேளுங்க, கேக்கலாம். பட்டுக்கோட்டைப் பக்கம் லெச்சம் லெச்சமா சாஞ்சுதே, அதுக்கெல்லாம் எந்த அம்சம் போயிக் கூவுனான்னு. தெரியும் தம்பி. நான் ஒண்ணும் அப்புடி ஒரு மட்டி இல்ல. காத்து அளந்த மரம் அளக்காத மரம்னு பாத்து அடிக்கல. அதெல்லாம் தெரியும். தெரிஞ்சா மட்டும் வாயி கேக்குமா?

போன வருசம் ஷிஃபா காயிதத்தத் தூக்கிக்கிட்டு வந்து நின்னுச்சு. "ஆரம்பிக்கலாமாக்கா"ன்னுச்சு. டேப்பச் சுத்துனேன், இதே புங்கன்தான். எழுவத்தி நாலு இருந்துச்சு. கண்ணால பாக்குறேன், எழுவத்தி நாலு. வாயத் தொறந்தா அறுவத்தெட்டுன்னு வருது. நானா நெனச்சு வச்சிருந்து சொல்லல, சத்தியமா. புள்ளைக்கு ரெண்டு இட்லி கொறச்ச மாரி அதுவா வந்துச்சு. சொன்ன ஒடனே மனசு லேசா இருந்துச்சு பாருங்க, அதுதான் தப்பாப் போச்சு. அதுக்கப்பறம் எல்லாத்துக்கும் அப்புடியே.

பழைய அளவு காயிதத்துல இருந்திருந்தா அங்கேயே மாட்டியிருப்பேன். நடராசன் சாரு அதக் குடுக்கல. பழசப் பாத்துக்கிட்டே அளந்தா அதுக்குத் தக்கபடி எழுதத் தோணும், வெறுங் காயிதத்தோட போங்கன்னுட்டாரு. யாரு ஏமாத்திரக்கூடாதுன்னு பாத்துப் பாத்து ஒரு கட்டுப்பாடு போட்டாரோ, அவளுக்கே அது சௌரியமாப் போச்சு.

இல்ல, இன்னும் இருக்கு. சொல்லிர்றேன்.

மொத நாளு மூணாவது மரத்துலயோ நாலாவது மரத்துலயோ ஷிஃபா குனிஞ்சு டேப்பப் பாத்துச்சு. அது மேல ஒரு குத்தமும் இல்ல, அதுக்கு அப்புடித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஒருத்தர் படிச்சா இன்னொருத்தர் பாக்கணும்னு. நான் என்ன பண்ணேன்? டேப்ப அப்புடியே கீழ போட்டேன். "ஏம்மா, என் பேச்சுல நம்பிக்க இல்லியா? இந்தா, நீயே சுத்து, நீயே படி, நீயே எழுது. நான் போயி நடவு நடுறேன்"னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். பாவம், பதறிப் போச்சு. "ஐயோ அக்கா, அதுக்கில்லக்கா"ன்னு டேப்ப எடுத்து என் கையில குடுத்துச்சு. அதுக்கப்பறம் குனியவே இல்ல. ஒரு தரம் கூட. நான் சொல்லச் சொல்ல எழுதுச்சு. வெயில்ல நின்னு, அவங்கம்மா கட்டிக் குடுத்த சோத்துல பாதிய எனக்குப் போட்டு, நான் சொன்ன பொய்ய முத்து முத்தா எழுதுச்சு.

இப்பச் சொல்லுங்க, யாரு கத எழுதுனது மரத்தடியில ஒக்காந்து?

...என்ன, பேனாவ எடுக்குறீங்க. எவ்வளவு கொறச்சேன்னா? அது தெரிஞ்சா கூட்டிக்கலாமா? கம்ப்யூட்டர்ல ஒரே தட்டுல எல்லா மரத்துக்கும் ஏத்திரலாமா. அட. அப்புடி ஒரு வழி இருக்கா. நான் இங்க உசுர விட்டுக்கிட்டுக் கெடக்கேன், நீங்க கூட்டல் கணக்குங்கிறீங்க.

ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு தம்பி. எப்புடிச் சொல்றது. எல்லாத்துக்கும் ஒரே மாரி கொறைக்கலியே.

புங்கனுக்கு மூணு வெரக்கடை, மூணு வெரலு அகலம். நாவலுக்கு ரெண்டு, ரெண்டரை. நொணாவுக்கு ஒண்ணு, அது எப்புடியும் பொழச்சிக்கும். மருதத்துக்கு நாலு. கருவைக்கு எதுக்குக் கொறைக்கணும், அதுக்கு யாரு கண்ணு படப்போவுது, பட்டாலும் நல்லதுதானே, அப்புடியே உள்ளபடி சொல்லிட்டேன். புரியுதா. எனக்கு எதெது எவ்வளவு புடிக்குமோ அவ்வளவு கொறச்சேன். அதிலயும் ஒரு மருதத்துக்கும் இன்னொரு மருதத்துக்கும் வித்தியாசம் இருக்கு. வாய்க்காலோரம் ஒண்ணு நிக்கிதே, கோணவாயி மாரி, அதுக்கு மூணே வெரக்கடைதான். அத என்னமோ எனக்கு ஆவாது.

சிரிங்க, நல்லாச் சிரிங்க. வந்ததுலேருந்து இப்பத்தான் பல்லு தெரியுது. இத எந்தக் கம்ப்யூட்டர்ல ஏத்துவீங்க?

ஏத்த முடியாதுல்ல. அப்ப திருப்பி அளக்கணும். எல்லாத்தையும். பதினெட்டுல இருந்ததுல தொண்ணூத்தேழு போனா ஐநூத்தி நாப்பத்தி மூணு. கருவ நாப்பதக் கழிச்சிக்கலாம், அது யோக்கியன். இன்னிக்குச் செவ்வாக்கெழம. நாளைக்கு, நாளானைக்கு. ரெண்டு பேரும் வெள்ளெனவே ஆரம்பிச்சா முடிச்சிரலாம். சோறு நான் கொண்டாந்துர்றேன். மெட்ராஸ்காரங்களுக்குக் காரம் ஆவுமா? ஆவலன்னாலும் தின்னுதான் ஆவணும்.

அறிக்கையில என்ன எழுதுவீங்க? கை தவறிடுச்சுன்னு எழுதுறீங்களா. வேணாம். கை தவறல. அம்சம்னு பேரு போட்டே எழுதுங்க. டேப்பப் படிச்சவ கொறச்சுச் சொன்னா, எழுதுன பொண்ணப் பாக்கவும் விடலன்னு எழுதுங்க. ஏன் கொறச்சான்னு கேட்டா அதையும் எழுதுங்க. சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போறாங்க. வேற ஏதாச்சும் காரணம் போட்டா பொண்ணு மேல பாதிப் பழி மிச்சம் இருக்கும். நடராசன் சாரு இனிமே டேப்பக் கையில குடுக்க மாட்டாரு, அதுவும் தெரியும். நடவுக்கு ஆளு இப்பவும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. முதுகுதான் கேக்காது.

போனு இப்ப போட வேணாம் தம்பி. ஷிஃபாவுக்கு நான் போடுறேன். சாயங்காலம், அது வூட்டுக்குப் போனப்பறம். அறிக்கையிலேருந்து அது தெரிஞ்சிக்கக்கூடாது.

எந்திரிங்க. இருநூத்திப் பதினாலுலேருந்து ஆரம்பிப்போம், அந்த வரிசையில நெழலு இருக்கு. ...ஆமா, மருதம்தான். நீங்களே கண்டுபுடிச்சிட்டீங்க. கஜாவுல ஒரு பெரிய கெளைய எழந்துட்டு நின்னுச்சு. வெட்டுன எடத்துல இப்ப பட்டை மூடிக்கிட்டு வருது பாருங்க, ஒதட்டக் குவிச்ச மாரி. இதுக்கு எவ்வளவு கொறச்சேன்னு கேக்காதீங்க.

டேப்ப நீங்க வச்சிக்குங்க. படிக்கிறது நீங்க, எழுதுறதும் நீங்க. நான் பின்பக்கம் ஏத்திப் புடிக்கிறேன், அவ்வளவுதான் என் வேல. கோட்டு மேல இருக்கா? இந்தப் பக்கம் இருக்கு. இறுக்குங்க. இன்னும் செத்த. ஆங்.

படிச்சிட்டீங்களா...

இருங்க, இருங்க தம்பி. வாயத் தொறக்காதீங்க. சரியாத்தான் எழுதணும், ஒரு நூலு கொறையக்கூடாது, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா சத்தமா வேணாமே. மனசுக்குள்ளயே படிச்சிட்டு எழுதிக்குங்க. எனக்கும் சொல்ல வேணாம். எழுதிட்டீங்களா? டேப்ப இன்னொரு தரம் பாத்துக்குங்க. காயிதத்தையும் பாத்துக்குங்க. ரெண்டும் ஒண்ணுதானே? தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்.

ம். அடுத்த மரம்.